குங்குமம் பூசின ரிசீவர்

மருதம் குடியிருப்பில் ஒரே ஒரு மனுஷனின் சத்தம் மட்டும் நாற்பது நாள் இல்லாமல் போனது எப்படி என்று பால்காரரைக் கேட்டால் ஒன்று சொல்வார், வாட்ச்மேனைக் கேட்டால் வேறொன்று சொல்வார், மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற பொம்பளைகளைக் கேட்டால் ஆளுக்கொரு கை உப்பு புளி சேர்த்துச் சொல்வார்கள், ஆனால் ஒயரை மாற்றி மாட்டினவள் நான், மாற்றித்தான் மாட்டியிருக்கிறோம் என்று தெரிந்த பிறகும் அதைத் தொடாமல் விட்டவளும் நான், ஆகவே என்னைக் கேட்பதுதான் முறை. என் பேர் மீனலோசனி. பி பிளாக், தரைத்தளம், இரண்டாம் நம்பர் வீடு.

எனக்கு நேர் மேலே பூமிராஜன் வீடு. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவன்தான், ஒன்பது வருஷமாக அவன்தான். அவன் வீட்டு ஹாலில் ஒரு ஹோம் தியேட்டர் இருந்தது, அதில் அலமாரி உயரத்துக்கு ஒரு வூஃபர் இருந்தது, காலையில் பல் விளக்கும்போது அதைப் போட்டான் என்றால் ராத்திரி படுக்கும்போதுதான் அணைப்பான், அதுவரைக்கும் என் வீட்டு டம்ளர்கள் தட்டுப்பலகையில் தானாக நகர்ந்துகொண்டிருக்கும், சாமி படத்தின் கண்ணாடி நடுங்கிக்கொண்டிருக்கும், பாலை அடுப்பில் வைத்தால் கொதிக்கும் முன்பே வட்டம் வட்டமாக அலையடிக்கும். என் வீட்டுக்காரர் தனுஷ்கோடி, தபாலாபீசில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்த மனுஷன், ஒரு பக்கம் விழுந்துபோய்ப் படுக்கையில் கிடந்த ஆறு வாரமும் அந்த நடுக்கத்துக்குக் கீழேதான் கிடந்தார். அவர் குரல் மூக்குக்குள்ளிருந்து வரும் ஒரு முனகலாகச் சுருங்கிவிட்டது. நான் மூன்று தடவை மாடிப்படி ஏறிப்போய்ச் சொன்னேன். முதல் தடவை, "இருபதுலதாம்மா வச்சிருக்கேன், நூறு வரைக்கும் போகும் இது" என்று பெருமையாகச் சொன்னான். இரண்டாம் தடவை கதவைத் திறக்கவே இல்லை. மூன்றாம் தடவை, "அய்யா காதுல கொஞ்சம் பஞ்சு வச்சு விடுங்களேன்" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு அவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். நான் குனிந்து அவர் வாயில் காதை வைத்தேன். என்னவோ சொன்னார், ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை இல்லை, நெடுக ஒரு சங்கதி சொன்னார், உதடு அசைந்தது என் காதில் படுகிறது, ஆனால் மேலே ஏதோ ஒரு படத்தில் லாரி லாரியாக மோதி வெடித்துக்கொண்டிருந்தது, ஒரு எழுத்து எனக்குக் கேட்கவில்லை. விளக்குமாற்றுக் கட்டையை எடுத்து உத்தரத்தில் இடித்தேன், நிறுத்துடா பாவி என்று தொண்டை கிழியக் கத்தினேன், மறுபடி நான் குனிந்தபோது அவர் சொல்லி முடித்திருந்தார், மூச்சும் முடிந்திருந்தது. நாற்பத்து மூன்று வருஷம் என்னோடு வாழ்ந்தவர் போகும்போது என்னிடம் சொன்னது என்ன என்று எனக்குத் தெரியாது, இனி தெரியப்போவதும் இல்லை.

பூமிராஜன் ஆளுயர மாலையோடு வந்தான். இத்தனை பேர் கூடியிருக்கிறார்களே என்று நான் பார்க்கவில்லை, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன், அவர் கடைசியாகப் பேசினதை உன் பெட்டி தின்றுவிட்டதே, இதற்கு என்ன சொல்கிறாய் என்று. அவன் மாலையைச் சரிசெய்துகொண்டே, "சாகப்போற நேரத்துல ஒளறுறதுதானம்மா, அதுல என்ன இருக்கப்போகுது" என்றான். அந்த நிமிஷமே என் அழுகை நின்றுவிட்டது. எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும் என்று மனசுக்குள் முடிவாகிவிட்டது. இவன் என் வாசலில் வந்து நிற்க வேண்டும், இதே ஜனத்தின் முன்னால், தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொந்த வாயால் சொல்ல வேண்டும், அதுவரை இந்த வயிற்றெரிச்சல் ஆறாது. கேட்டால் சொல்லமாட்டான், கெஞ்சினால் சொல்லமாட்டான், அவன் அடித்த அதே அடியைத் திருப்பி அடித்தால் சொல்வான் என்று நினைத்தேன். அவனுடையதைவிடப் பெரிய பெட்டி ஒன்று வாங்கி, அதை உத்தரத்தைப் பார்க்கத் திருப்பி வைத்து, அவன் காலுக்குக் கீழே தரை கிடுகிடுக்க வைக்க வேண்டும் என்று கறுவிக்கொண்டேன்.

காரியம் எல்லாம் கழித்துப் போக என் கையில் பன்னிரண்டாயிரம் இருந்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு பைபாஸ் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குப் போனேன். டை கட்டின பையன் ஒருவன் வந்து, "ரூம் என்ன சைஸும்மா" என்றான்.

"பத்துக்குப் பன்னெண்டு."

"அதுக்கு ஒரு சவுண்ட்பாரே தாராளம்."

"என் ரூமுக்கு இல்லப்பா. மேல் வீட்டு ரூமுக்கு."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சத்தத்தைப் பெருக்கித் தள்ளுகிற ரிசீவர் என்பது தனி, ஸ்பீக்கர் தனி, வூஃபர் தனி, ரிசீவர் மட்டுமே முப்பதில் ஆரம்பிக்கிறது என்று சொல்லி, பட்ஜெட் எவ்வளவு என்று கேட்டான், சொன்னேன், சிரிப்பை அடக்கத் தெரியாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். இரண்டாவது கடையில் உட்காரவே சொல்லவில்லை. மூன்றாவது கடையில் ஒரு பெண் இருந்தாள், நான் வந்த கதையை முழுசாகக் கேட்டாள், கேட்டுவிட்டு முதலாளி காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னாள்: "புதுசு வாங்காதீங்கம்மா. அஞ்சாறு வருஷத்துக்கு முந்தின நல்ல கம்பெனி ரிசீவர் பழசாக் கிடைக்கும், புது டிவிக்கு வேண்டிய வசதி இல்லைன்னு தள்ளிவிடுறாங்க, சத்தத்துக்கு ஒரு குறையும் இருக்காது. தூக்கிப் பாருங்க, கனமா இருந்தாத்தான் உள்ள இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் நெசமானது. அஞ்சு ஸ்பீக்கரையும் ஒண்ணொண்ணாப் பாடவிட்டுப் பாக்காமக் காசைக் குடுத்துராதீங்க." அவள் நல்லாயிருக்க வேண்டும். ஊரில் ஆயிரம் பேர் புத்தி சொல்கிறார்கள், உபயோகமான புத்தி சொன்னது அவள் ஒருத்திதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திலகர் திடல் சந்தைக்குப் போனேன். பழைய சைக்கிள், பழைய பூட்டு, ஒற்றைக் கால் இல்லாத நாற்காலி எல்லாம் தாண்டி, தார்ப்பாயில் மிக்சியும் டிவிடி பெட்டியுமாகப் பரப்பி வைத்திருந்த கமாலுதீன் பாயிடம் அது இருந்தது. கறுப்பு ரிசீவர், நெற்றியில் சத்தம் கூட்டிக் குறைக்கிற ஒரு பெரிய திருகு, தூக்கிப் பார்த்தேன், ஆட்டுக்கல் கனம் கனத்தது. திருப்பிப் பார்த்தால் முதுகுப் பக்கத்தில் ஒயர் மாட்டுகிற பத்துக் குமிழிலும் குங்குமம் அப்பியிருந்தது. சிவப்புக் குமிழ் ஐந்தும் கறுப்புக் குமிழ் ஐந்தும் இருக்க வேண்டிய இடத்தில் பத்தும் ஒரே சிவப்பாக இருந்தது.

"வச்சிருந்தவர் பெரிய பக்திமான்மா. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கச் சொன்னா முன்னாடி ஒரு பொட்டு வைக்கணும். இவர் பின்னாடியும் விடல" என்றார் பாய். பதினாலு சொன்னார், ஒன்பது கேட்டேன், அவர் பெட்டியைத் துணியால் மூடினார், நான் இரண்டடி நடந்தேன், அவர் துணியை விலக்கினார், பதினொன்றுக்கு ரிசீவரும் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு வூஃபரும் படிந்தது. ஐந்தையும் ஒண்ணொண்ணாகப் பாடவிட்டுப் பார்த்தேன். ஆட்டோவில் ஏற்றும்போது, "வீட்டுக்காரருக்கா வாங்குறீங்க" என்று கேட்டார்.

"அவருக்காகத்தான்."

"எது சிவப்பு எது கறுப்புன்னு குங்குமத்துல தெரியாது. லேசாச் சுரண்டிப் பாத்துட்டு மாட்டுங்க. மாத்தி மாட்டிராதீங்க."

வீட்டுக்கு வந்து கரண்டிக் காம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் குமிழில் காம்பை வைத்தேன். அவர் போய் இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது, பதினாறாம் நாள் நாலு பொம்பளைகள் சேர்ந்து என் நெற்றியை ஈரத்துணியால் துடைத்தது இன்னும் தோலில் எரிந்துகொண்டிருந்தது, நான் ஒரு குங்குமத்தைச் சுரண்டி எடுக்க என் கையே எனக்கு ஒத்துழைக்கவில்லை. காம்பைக் கீழே போட்டேன். வலது பக்கத்துக் குமிழ்தான் சிவப்பாக இருக்கும் என்று ஒரு குருட்டுக் கணக்குப் போட்டு மாட்டினேன். பத்தும் தப்பாகப் போனது.

மத்தியானம் பூமிராஜன் வழக்கம்போலப் படத்தைப் போட்டான், டம்ளர்கள் நகர ஆரம்பித்தன. நான் ஐந்து ஸ்பீக்கரையும் பீரோ மேலும் கட்டில் மேலும் ஏற்றி உத்தரத்தைப் பார்க்கத் திருப்பி வைத்து, திருகை முழுசாகத் திருகினேன். என் பெட்டியிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஜன்னல் திரை மட்டும் மெதுவாக ஸ்பீக்கரைப் பார்க்க எழும்பியது, வூஃபரின் வட்டத் துணி உள்வாங்கிக் குழிந்தது, மேலே வெடித்துக்கொண்டிருந்த லாரிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன, பிறகு பாட்டு ஓய்ந்தது, பிறகு, "ஏ சுகந்தி, இங்க வந்து என்னன்னு பா" என்று பூமிராஜன் பெண்டாட்டியைக் கூப்பிட்ட குரல் பாதியில் ஓய்ந்தது. டம்ளர்கள் நின்றன. சமையற்கட்டில் தண்ணீர் சொட்டுவது எனக்குக் கேட்டது.

எலக்ட்ரீசியன் பால்ச்சாமி, சி பிளாக்கில் இருக்கிறவர், வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் காதைச் சொறிந்தார். "மாத்தி மாட்டியிருக்கீங்கக்கா. நேரா மாட்டினா வெளிய தள்ளும், மாத்தி மாட்டினா உள்ள இழுக்கும். அம்புட்டுத்தான்."

"அவன் சத்தத்தை மட்டும் இழுக்குதே. சுகந்தி மிக்சி போடுறது கேக்குதே."

"யாரை நெனச்சு வாங்குனீங்களோ அவரு சத்தத்தைத்தான் இழுக்கும். நீங்க ஊரையா நெனச்சு வாங்குனீங்க" என்றார், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அதிலிருந்து பூமிராஜன் எங்கே போனாலும் சத்தம் இல்லாமல்தான் போனான். மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் இல்லை, பைக்கை உதைத்தால் பைக்கில் சத்தம் இல்லை, டவுன்ஹால் ரோட்டில் நின்று போனில் பேசினாலும் எதிர்முனைக்காரர்கள் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்கள். காது மூக்குத் தொண்டை டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். போலீசுக்கு எழுதிக் கொடுத்தான், எஸ்.ஐ. ஒருவர் வந்து என் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தார், சத்தம் அதிகமாக வந்தால் கேஸ் போடலாம், வரவில்லை என்பதற்கு எந்தச் செக்‌ஷனில் போடுவது என்று அவனையே கேட்டார், அவன் சொன்ன பதில் யாருக்கும் கேட்கவில்லை.

குடியிருப்பில் யாரும் இதை அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை, தண்ணீர் வராத வீட்டில் தண்ணீர் வந்தால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ அப்படி எடுத்துக்கொண்டார்கள், குடத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஏ பிளாக் அற்புதமேரி டீச்சருக்கு ஒற்றைத் தலைவலி போனது. பிரசவத்துக்கு வந்திருந்த பெண்ணுக்குப் பகலில் தூக்கம் வந்தது. மாதாந்திரக் கூட்டத்தில் பூமிராஜன் தலைமைதாங்கி வாயை வாயைத் திறந்து மூடினான், அவன் ஒன்பது வருஷமாக வேண்டாம் என்று தள்ளிவைத்திருந்த தண்ணீர்த் தொட்டி கழுவும் தீர்மானத்தை மறுப்பேதும் வராததால் பத்தே நிமிஷத்தில் நிறைவேற்றினார்கள். அவன் சீட்டுச் சீட்டாக எழுதி நீட்ட ஆரம்பித்தான், அற்புதமேரி டீச்சர் ஒவ்வொரு சீட்டையும் வாங்கிச் சிவப்பு மையால் எழுத்துப்பிழை திருத்தித் திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் நாள் இரண்டு நிமிஷம் கரண்ட் போனது, அந்த இரண்டு நிமிஷமும் அவன் பி பிளாக் இடிந்துவிழக் கத்தினான், மறுநாளே சங்கச் செலவில் என் வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர் வந்து இறங்கியது, ரிசீவர் ஓடுகிற கரண்ட் பொதுமீட்டரில் சேரும் என்று தீர்மானமும் ஆனது. ஃபியூஸைப் பிடுங்க அவன் மீட்டர் ரூமுக்கு வந்தான், வாட்ச்மேன் பூட்டுப் போட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு ஒவ்வொருவராக என் கதவைத் தட்டினார்கள். ஒருத்தி புருஷன் குறட்டையை எடுத்துவிட முடியுமா என்றாள், ஒருத்தர் மாமியார் புலம்பலில் பாதியையாவது எடுக்கச் சொன்னார், முறுக்கும் அதிரசமும் தூக்குவாளியில் பாயசமும் வந்தது. இது உங்களுக்கு இல்லை, இது அவன் ஒருவனுக்கு என்று எல்லாரையும் அனுப்பிவிட்டேன். பண்டத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.

பெட்டி நாளுக்கு நாள் கனத்தது. பத்தாம் நாள் அதைத் துடைக்க நகர்த்தினேன், நகரவில்லை. இருபதாம் நாள் மேசையின் கால் வளைந்தது. பால்ச்சாமி வந்து கீழே செங்கல் அடுக்கினார். "உள்ள போனது எங்கயும் போகலக்கா. அவர் பேசினது அம்புட்டும் அடுக்கடுக்கா இதுக்குள்ளதான் கெடக்கு. ஒயரை மாத்தினா வெளிய வந்துரும்."

"எது மொதல்ல வரும்?"

"பானையில அரிசி மாதிரிதான். மேல போட்டது மொதல்ல வரும்."

நீங்கள் நினைப்பதை நானும் நினைத்தேன், வெட்கத்தை விட்டுக் கேட்கவும் செய்தேன். எங்க வீட்டுக்காரர் சொன்னது அதில் இருக்குமா என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "பெட்டி வந்தது பொறவுதானக்கா" என்றார்.

"பூமிராஜன் தப்புன்னு சொல்லியிருந்தா அது இருக்குமா?"

"சொல்லியிருந்தா இருக்கும். ஆனா வெளிய விட்டா அவர் சத்தம் அவருக்குப் போயிரும். மறுபடி இழுக்குமா இழுக்காதான்னு எனக்குச் சொல்லத் தெரியாது."

அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பாகப் போய்விட்டது. எனக்கு வேண்டிய வார்த்தை அந்தப் பெட்டிக்குள் இருக்கலாம், அதை எடுக்க வேண்டும் என்றால் அவனை விட வேண்டும், விட்டால் திரும்பப் பிடிக்க முடியாமல் போகலாம், டம்ளர்கள் மறுபடி நகர ஆரம்பிக்கலாம். கிடக்கட்டும், அவனாக வந்து நிற்கிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

என் கணக்கில் வராத ஒரு ஆள் இருந்தார். பூமிராஜனின் அப்பா ஒச்சப்பன், மில்லில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய் எட்டு வருஷமாக மாடி வீட்டின் உள் அறையில் கிடந்தார். அவருக்கு மகன் என்றால் அந்தக் குரல்தான், அந்தச் செருப்புச் சத்தம்தான். சத்தம் இல்லாத மகன் பக்கத்தில் போய்க் கையைத் தொட்டால், "யாருப்பா நீ, என் மகன் எங்க" என்று உதறினார். இது உங்க மகன்தான் மாமா என்று சுகந்தி சொன்னால் நம்பவில்லை. அவன் செத்துப்போனான், எனக்குத் தெரியாமல் தூக்கிப்போட்டுவிட்டீர்கள் என்று ஒரே பிடியாகப் பிடித்தார், முப்பத்தைந்தாம் நாளிலிருந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். மேலே வேறு சத்தமே இல்லாததால், "ராஜா, ஏ ராஜா" என்று அவர் கூப்பிடுவது ஒன்று விடாமல் எனக்குத்தான் கேட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன், பிறகு கையை எடுத்துவிட்டுக் கேட்டேன். பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை.

நாற்பதாம் நாள் காலை பதினோரு மணிக்குப் பூமிராஜனும் சுகந்தியும் இறங்கி வந்து என் வாசலில் நின்றார்கள். வராந்தாவில் ஜனம் கூடிவிட்டது. அவன் இரண்டு கையையும் கூப்பினான், கண்ணில் தண்ணீர் வழிந்தது, உதடு அசைய அசைய நெடுநேரம் என்னவோ சொன்னான். சுகந்தி அழுதுகொண்டே சொன்னாள்: "மன்னிப்புக் கேக்குறாரும்மா. உங்க காலுல விழுந்து கேக்கப்போறேன்னு எனக்கு எழுதிக் காட்டினாரு. அய்யா விஷயத்துல தப்புப் பண்ணிட்டேன்னு சொல்றாரும்மா. மாமா அஞ்சு நாளாப் பச்சைத் தண்ணி குடிக்கல. அவர் கொரலை ஒருதடவை கேட்டாப் போதும்."

பொய் சொல்ல மாட்டேன், என் மனசு இளகிவிட்டது. தனுஷ்கோடி படத்தைத் திரும்பிப் பார்த்தேன், போதும் என்று எனக்கே தோன்றியது. "சரி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒயரை மாத்துறேன். நீ இப்பச் சொன்னது இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு, அதுதான் மொதல்ல வெளிய வரும். அதுவரைக்கும் இவன் வாயைத் திறக்காமப் பாத்துக்க சுகந்தி. எல்லாரும் வந்து கேக்கட்டும், உங்க மாமாவையும் தூக்கிட்டு வாங்க" என்றேன்.

பூமிராஜனின் கை கூப்பினபடியே நின்றுவிட்டது. சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து வேகவேகமாக எழுதி நீட்டினான். ஒயரை முழுசாகக் கழற்றிப் போட்டால் போதும், வெளியே விட வேண்டாம் என்று எழுதியிருந்தது. நாலு பேர் முன்னால் அழுதது வெளியே கேட்க வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். "அது எனக்கு வேணும்ப்பா. அதுக்குத்தான் இம்புட்டும்" என்றேன்.

ஐந்து மணிக்கு என் ஹாலில் கால் வைக்க இடமில்லை. ஆளாளுக்கு வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்தார்கள், அற்புதமேரி டீச்சர் டேபிள் ஃபேன் கொண்டுவந்தார், உட்கார இடமில்லாதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு நாலு பேர் தூக்கிவந்து பெட்டிக்கு நேர் எதிரே இறக்கினார்கள். பூமிராஜன் வர மாட்டேன் என்று நழுவப் பார்த்தான், சுகந்திதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள், அவள் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிச்சி இருந்தது. பால்ச்சாமி பத்துக் குமிழிலும் ஒயரை மாற்றி மாட்டிவிட்டு எழுந்தார்.

முதலில் ஸ்பீக்கரில் மாடிப்படிச் செருப்புச் சத்தம் கேட்டது, சற்று முன் அவன் இறங்கி வந்தபோது உள்ளே போனது, சரக் சரக் என்று ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. ஒச்சப்பன் நாற்காலியில் நிமிர்ந்தார். "ராஜா நடைதான். ராஜாதான்" என்றார், பல்லில்லாத வாய் முழுக்கச் சிரித்தார், பக்கத்தில் நின்றவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் தொண்டையைச் செருமுகிற சத்தம் வந்தது. அப்புறம் ஐந்து ஸ்பீக்கரிலிருந்தும் பூமிராஜன் பேசினான், நிதானமாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினான்.

"ஏ கெழட்டு முண்ட, கும்பிட்டுட்டேன், போதுமா. உனக்கும் கேக்காது, இவளுக்கும் கேக்காது, என்ன வேணாச் சொல்லலாம். உன் புருஷன் ஒளறிட்டுத்தான் செத்தான். என்ன, புதையல் இருக்கிற எடத்தையா சொல்லிட்டுப் போனான். சனியன் தொலைஞ்சதுன்னு கெட. ஒயரைக் கழட்டு மொதல்ல, அப்புறம் பாரு, இன்னும் ரெண்டு வூஃபர் வாங்கி உன் மண்டைக்கு மேலயே வைக்கிறேன். என் அப்பன் கெழடு வேற திங்காமக் கெடந்து உசிரை வாங்குது. கெடக்கட்டும், அதுவும் நல்லதுக்குத்தான், அதைச் சொன்னாத்தான் நீ எளகுவ. காரியம் முடியிற வரைக்கும் அது பட்டினி கெடந்தாச் சரி."

சுகந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நாற்பது நாளும் நான் காத்திருந்த வார்த்தை அதில் இல்லை, அதற்கு அடியில் கிடக்கிற நாற்பது நாளிலும் இருக்காது என்று எனக்கு விளங்கிவிட்டது, என் கண்ணிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. பால்ச்சாமி குனிந்து பிளக்கைப் பிடுங்கப் போனார், நான் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் திருகை மட்டும் இறக்கினேன்.

ஒச்சப்பன் கையை நீட்டித் தடவி, நடு ஸ்பீக்கரின் துணியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"சுகந்தி. ராஜாவா அது?"

"ஆமா மாமா."

"அப்பா" என்றான் பூமிராஜன். இத்தனை நாளைக்குப் பிறகு அவன் வாயிலிருந்தே வந்தது குரல். பெரியவர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார், இங்கே கேட்டதும் அங்கே கேட்டதும் ஒரே குரல்தானா என்று சரிபார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு நான் நிற்கிற திக்கைத் தேடித் திரும்பினார்.

"தாயி, இது முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியே மாட்டிரு."

மறுபடி இழுக்குமா என்று நான் பால்ச்சாமியைக் கேட்கவில்லை. குனிந்து உட்கார்ந்து என் கையாலேயே ஒவ்வொரு ஒயராக மாற்றினேன், பத்துக் குமிழின் குங்குமமும் என் விரலில் ஒட்டியது, திருகை முழுசாகத் திருகினேன்.

"அப்பா, நான் சொல்றதக் கொஞ்சம் கே" என்று பூமிராஜன் ஆரம்பித்தான், வூஃபரின் துணி உள்வாங்கிக் குழிந்தது. அவன் அப்பாவின் காலடியில் மண்டியிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினான்.

ஒச்சப்பன் முழங்காலில் இருந்த கையை யாரோ ஒருவர் கையை எடுத்து வைப்பது போல எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். "சுகந்தி, பசிக்குதும்மா. சோத்தப் போடு" என்றார்.